பீரோவின் முதுகு

இரவு பத்து மணி ஷிஃப்டுக்குப் போனவர் காலை ஆறு மணிக்கு கேட்டைத் தாண்டி வெளியே வருகிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையொன்றில் எட்டு மணி நேரம் வெக்கையில் நின்ற உடம்பு. கம்பெனி வேனோ ஷேர் ஆட்டோவோ பிடித்துக் கவரைப்பேட்டைக்கு வந்து, குளித்து, நாலு இட்லியை விழுங்கிவிட்டுப் பாயை விரிக்கும்போது மணி எட்டாகிவிடும். வீடு அப்போதுதான் பரபரக்கத் தொடங்கியிருக்கும். பையன் யூனிஃபார்ம் தேடுவான். மகள் கண்ணாடி முன்னால் தலை பின்னுவாள். அம்மா காலைச் சாப்பாட்டோடு மதியத்துக்கும் உலை வைத்திருப்பாள். அத்தனையும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் நடக்கிறது.

நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களிலும் சத்தியவேடு சாலைப் பக்கமும் இப்படிப்பட்ட லைன் வீடுகள் ஏராளம். ஐந்து கதவு, எட்டுக் கதவு, பத்துக் கதவு என்று ஒரே நீளத்துக்கு நிற்கும். உள்ளே நுழைந்தால் ஒரே அறை. மூலையில் இரண்டடி அகலத்துக்குக் கடப்பைக் கல் பதித்த மேடை இருந்தால் அதுதான் சமையலறை. மேலே ஒரு பரண். கழிப்பறை பின்னால், எல்லோருக்கும் பொது. சிப்காட் வளர வளர, விளைந்த நிலம் மனையாகி, மனை இப்படி அறை அறையாக முளைத்தது. வீட்டுக்காரருக்கு வாடகை முக்கியம். ஓர் அறைக்கு இரண்டு சன்னல் வைப்பதைவிட இன்னொரு கதவு வைப்பது லாபம். இதில் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அந்த ஒற்றை அறைக்குள் போன பிறகு மனிதர்கள் அதை எப்படிப் பல இடங்களாக ஆக்கிக்கொள்கிறார்கள் என்பதே என் நினைப்பில் பல காலமாக ஓடுகிறது.

முதலில் வருவது பீரோ. கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோவைச் சுவரோடு சேர்த்து வைக்கவேண்டும் என்றுதான் அதைச் செய்தவர் நினைத்திருப்பார். லைன் வீட்டில் அது சுவரை விட்டு நகர்ந்து அறையின் நடுவுக்கு வந்துவிடும். கண்ணாடி பதித்த முகம் வாசலைப் பார்க்கும். முதுகுக்குப் பின்னால் நான்கடி இடம் கிடைக்கும். உடை மாற்றுவது அங்கே. வயதுக்கு வந்த பெண் படுப்பது அங்கே. பிள்ளை பெற்று வந்தவள் பால் கொடுப்பது அங்கே. பீரோவின் தலையிலிருந்து எதிர்ச் சுவரின் ஆணிக்கு ஒரு கயிறு. கயிற்றில் பழைய சேலை. சேலை போதாத வீட்டில் பிளைவுட் பலகை. சொந்த வீடாக இருந்தால் நாலரை இஞ்ச் சுவர், அதுவும் கூரைவரை போகாமல் ஏழடியில் நின்றுவிடும்.

தடுப்பு என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் ஒரு சுவர் பல காரியங்களைச் செய்கிறது. பார்வையை மறைக்கிறது. ஓசையைத் தடுக்கிறது. வெளிச்சத்தை நிறுத்துகிறது. புகையையும் நெடியையும் ஒரு பக்கத்தில் பிடித்துவைக்கிறது. உடை மாற்றும் பெண்ணுக்குப் பார்வை மட்டும் மறைந்தால் போதும். ஒரு சேலை அந்த வேலையைச் செய்துவிடும். இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவருக்குச் சேலையால் பயன் இல்லை. அவருக்கு இருட்டும் அமைதியும் வேண்டும். இருட்டும்போதுதான் மூளையில் மெலடோனின் சுரந்து உடம்பைத் தூக்கத்துக்குத் தயார் செய்கிறது. வெளிச்சம் அதை அடக்கிவிடும். பகல் தூக்கம் இரவுத் தூக்கம் அளவுக்கு நீளாததற்கு அதுவும் ஒரு காரணம். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு அமைதி வேண்டும், ஆனால் வெளிச்சமும் வேண்டும். தாளிக்கிற அடுப்புக்கு இவை எதுவும் வேண்டாம். காய்ந்த மிளகாய் நெடி வெளியே போக ஒரு வழி இருந்தால் போதும்.

ஓசைதான் எல்லாவற்றிலும் கடினமானது. கனமான பொருளே ஓசையைத் தடுக்கும். ஒரு தடுப்பின் எடை இரண்டு மடங்கானால் அதைக் கடந்து வரும் ஓசை ஏறக்குறைய ஆறு டெசிபல் குறையும் என்பது கட்டடக் கலையில் பழைய கணக்கு. சேலைக்கு எடையே இல்லை. பிளைவுட்டுக்கு ஏதோ கொஞ்சம். இரண்டு பக்கமும் பூசிய நாலரை இஞ்ச் செங்கல் சுவர் நன்றாகவே தடுக்கும், அது கூரையைத் தொட்டால் மட்டும். ஏழடியில் நிறுத்திய சுவருக்கு மேலே ஓசை தாராளமாக ஏறி இறங்கும். நம் வீடுகளில் சுவரை ஏழடியில் நிறுத்துவதற்கு நியாயமான காரணமும் உண்டு. பழவேற்காட்டுப் பக்கமிருந்து பிற்பகலில் வரும் கடல்காற்று சன்னலில் நுழைந்து அறை முழுவதையும் கடந்து போகவேண்டும். கூரைவரை சுவர் எழுப்பினால் சன்னல் இல்லாத பாதி வெந்துபோகும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் மே மாதம் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே காற்றா, தூக்கமா என்று கேட்டால் காற்றைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் அந்த வீட்டில் ஓசையை யார் தடுக்கிறார்? குக்கர் விசில் அடிக்கும் தறுவாயில் கரண்டிக் காம்பால் வெயிட்டை லேசாகத் தூக்கி ஆவியை விடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அம்மியும் மிக்ஸியும் தூங்குகிறவர் எழுந்த பிறகு. டிவி ஓடும், சத்தம் மட்டும் இருக்காது. குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார்கள். ஏப்ரல் வெயிலில், அடுத்த வீட்டுத் திண்ணை நிழலில், இடுப்பில் குழந்தையோடு இரண்டு மணி நேரம் நின்று பேசிக்கொண்டிருக்கும் அக்காவை வம்பளக்கிறாள் என்று போகிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். உள்ளே ஒருவர் தூங்குகிறார். அவருக்குக் கட்டித் தராத சுவருக்குப் பதிலாக அவள் வெளியே நிற்கிறாள். ஷிஃப்ட் வாராவாரம் மாறும் வீட்டில் இந்த ஏற்பாடும் வாராவாரம் மாறும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் விடியும் முன்னே சமையல், செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் நள்ளிரவுச் சாப்பாடு, நைட் ஷிஃப்ட் வாரத்தில் பகல் முழுக்கக் கிசுகிசுப்பு. சுவர் இல்லாத வீட்டில் சுவரின் வேலையை யாரோ ஒருவர் உடம்பால் செய்யவேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்.

வட மாநிலத் தோழர்கள் தங்கும் அறைகளில் கதை வேறு. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் ஆறு பேர், எட்டுப் பேர் ஓர் அறையில். அங்கே ஓர் ஆளின் எல்லை சுவரில் அடித்த ஆணி: அதில் தொங்கும் பையும் அதன் கீழே மடக்கிவைத்த பாயும்தான் அவர் வீடு. சிலவற்றில் பகல் ஷிஃப்ட்காரர் எழுந்த இடத்திலேயே இரவு ஷிஃப்ட்காரர் படுக்கிறார். ஒப்பந்ததாரர் மூலம் மாநிலம் விட்டு மாநிலம் அழைத்துவரப்படும் தொழிலாளர்களுக்காக 1979இல் ஒரு சட்டம் வந்தது. அதையொட்டி 1980இல் மத்திய அரசு வகுத்த விதிகள் தங்குமிடத்தை விரிவாகவே பேசின. குடும்பத்தோடு வந்தவருக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் அறை, ஒரு தாழ்வாரம், சமைப்பதற்கு அதற்கு மேலாகக் கூரையிட்ட இடம். தனியாக வந்தவர்களுக்குப் பொதுக்கூடம். ஒன்றில் பத்துப் பேருக்கு மேல் கூடாது, தலைக்கு 6.5 சதுர மீட்டர் வேண்டும். நம் பத்துக்குப் பன்னிரண்டு அறையின் பரப்பு 11 சதுர மீட்டர் சொச்சம். அந்தக் கணக்கில் அதில் இரண்டு பேரே படுக்க முடியாது. விதியை எழுதியவர் யாரோ, அறையையும் தாழ்வாரத்தையும் அடுப்படியையும் தனித்தனியாக எண்ணிப் பார்த்திருக்கிறார். அந்தக் கரிசனம் எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டியவர்கள் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

அறை என்றால் என்ன என்பதில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னும் இறங்கி வருகிறது. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம், சுவர், கதவு, கூரை. ஒருவர் நீட்டிப் படுக்க முடிந்தால் அது ஓர் அறை. இப்படி எண்ணியும் 2011இல் இந்தியக் குடும்பங்களில் 37.1 விழுக்காட்டுக்கு ஒரே ஓர் அறைதான் இருந்தது. உட்காருவது, உண்பது, சமைப்பது, உறங்குவது எல்லாம் ஒன்றில் நடந்தாலும் அது ஓர் அறையாகவே எண்ணப்படும் என்று கணக்கெடுப்பின் விளக்கமே சொல்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான குடும்பங்கள் அந்த ஒரு வரிக்குள் வாழ்ந்தன.

ஒற்றை அறையைப் பற்றிப் பேசும்போது கும்மிடிப்பூண்டி முகாமைத் தாண்டிப் போக முடியாது. ஈழத்திலிருந்து 1990இல் வந்தவர்களுக்காக எழுந்த அந்த முகாம் எங்கள் கவரைப்பேட்டைக்கு ஒரு ரயில் நிறுத்தம் தள்ளி இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்கள் பலவற்றில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பத்தடி. அது 9.3 சதுர மீட்டர். ஒரே அறை கொண்ட வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது தேசியக் கட்டட நெறித்தொகுப்பு. தற்காலிகம் என்று கொடுத்த அறையில் பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று, மருமகள் வந்தாள், பேரப்பிள்ளைகள் வந்தார்கள். குடும்பம் மூன்று தலைமுறையாக, அறை அப்படியே நின்றது. புதுமணத் தம்பதிக்கு இடம் விட்டு மாமனாரும் மாமியாரும் இரவில் வெளியே படுக்கும் வீடுகள் அந்த வாழ்க்கையில் சர்வ சாதாரணம். மழைக்காலத்தில் அவர்கள் எங்கே படுத்தார்கள் என்று கேட்கக்கூட நமக்கு வாய் வராது. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தார். அகதிகள் முகாம் என்ற பெயரும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. 2023 செப்டம்பரில் வேலூர் மாவட்டம் மேல்மொணவூரில் நடந்த விழாவில் 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. முப்பது ஆண்டு சேலைத் தடுப்புக்குப் பிறகு வந்த சுவர் அது. தாமதத்தை நினைத்தால் மனம் கசக்கிறது; வந்ததை நினைத்தால் நிறைகிறது.

இதே காலத்தில், இதே நெடுஞ்சாலையோரம், இன்னொரு வகை வீடும் பரவுகிறது. நகர ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அப்ரூவல் பெற்ற மனைகளில் கட்டப்படும் புதுவீடுகளில் வரவேற்பறை, சாப்பாட்டிடம், அடுப்படி மூன்றுக்கும் நடுவே சுவர் கிடையாது. கான்கிரீட் தூணும் உத்திரமும் எடையைத் தாங்கத் தொடங்கியதும் உள்சுவர்கள் எடை தாங்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டன. லெ கொர்பூசியே 1914இல் டொமினோ என்று பெயரிட்டு வரைந்த எலும்புக்கூடு அதைத்தான் காட்டியது: தளங்கள், தூண்கள், ஒரு படிக்கட்டு, சுவரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். அந்தச் சுதந்திரம் நம் ஊர் 600 சதுர அடி மனைவரை வந்து சேர்ந்திருக்கிறது. வாங்குகிறவருக்கு வீடு பெரிதாகத் தெரிகிறது. குடியேறி ஆறு மாதத்தில் மேஸ்திரியைத் திரும்ப அழைக்கிறார்கள். கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று வந்த விருந்தாளி, அல்லது ஆன்லைன் மீட்டிங்கில் இருக்கும் மகன், ஏதோ ஒன்று காரணமாகிறது. அப்போது போடும் தடுப்பு பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நிற்கும், மின்விசிறிக்கும் சுவிட்சுக்கும் தகுந்தபடி.

அடுப்படியைத் தடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கவேண்டும், இது அழகு சம்பந்தப்பட்டதே இல்லை. சிலிண்டரில் வரும் சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் படிந்து தேங்கும். மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துவிட்டோம் என்று கீழே இண்டு இடுக்கு இல்லாமல் அலுமினியத் தடுப்பு போட்டு அடைத்துவிடக்கூடாது. தரை மட்டத்தில் வெளிப்பக்கமாக ஒரு திறப்பு கட்டாயம் வேண்டும்.

பழைய வீடுகளில் எல்லாம் சரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை. வெளியிலிருந்து உள்ளே போகப் போக வெளிச்சமும் அந்நியரின் பார்வையும் குறைந்துகொண்டே வரும் அந்த அமைப்பின் நுட்பத்தை நானும் வியக்கிறேன். கதவே இல்லாமல் இடங்கள் பிரிந்திருந்தன. ஆனால் அந்தப் பிரிவுகள் வேலையைப் பொறுத்து மட்டும் அமையவில்லை. யார் திண்ணையோடு நிற்கவேண்டும், யார் அந்தப் படியே ஏறக்கூடாது, யார் கொல்லைப்புறமாக மட்டும் வரவேண்டும் என்று சாதி கிழித்த கோடுகள் அவை. வீட்டுப் பெண்ணே மாதத்தில் மூன்று நாள் அந்தக் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டாள். சுவர் இல்லாத கூடம் இதில் எதையும் ஒழித்துவிடவில்லை என்றாலும், வந்தவர் எவரும் நேராக அடுப்படிவரை தெரியும் இடத்தில் உட்காருகிறார், சமைக்கிறவள் முகம் பார்த்துப் பேசுகிறாள். இதை ஒரு சிறு விடுதலையாகவே எண்ணுகிறேன். அதனால் பழைய சுவர்களைத் திருப்பிக் கொண்டுவரும் ஆசை எனக்கு இல்லை. ஒருவரை விலக்கி நிறுத்தும் சுவர் வேறு. ஒருவர் தானாக விலகியிருக்க விரும்பும்போது துணை நிற்கும் சுவர் வேறு. நம் தாத்தா பாட்டி வீடுகளில் முதல் வகை நிறைய இருந்தது. இரண்டாவது வகை, கூட்டுக் குடும்பத்து மருமகளைக் கேட்டால் தெரியும், மிகக் குறைவு.

இரண்டாவது வகையை யோசித்துக் கட்டிய ஒரு வீடு நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகரில் இருக்கிறது. கணவரை இழந்த ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற பெண் தனக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரு வீடு வேண்டுமென்று கெரிட் ரீட்வெல்ட் என்ற தச்சரை, பிறகு கட்டடக் கலைஞரானவரை, அணுகினார். 1924இல் கட்டி முடித்தார்கள். மாடி முழுவதும் ஒரே திறந்த வெளி. தரையிலும் கூரையிலும் ஓடும் தடங்களில் பலகைத் தடுப்புகள். பகலில் எல்லாவற்றையும் தள்ளி ஒதுக்கிவிட்டால் தாயும் பிள்ளைகளும் ஒரே வெளியில் இருப்பார்கள். இரவில் இழுத்து மூடினால் தனித்தனி அறைகள். அந்தத் திறந்த மாடியைக் கட்டட விதிகள் ஏற்காது என்பதால் வரைபடத்தில் அதைப் பரண் என்று காட்டி அனுமதி வாங்கினார்கள். ஷ்ரோடர் 1985இல் இறக்கும்வரை அந்த வீட்டிலேயே வாழ்ந்தார். உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்ட அந்த வீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது, தடுப்பு எங்கே வேண்டும் என்பதை அங்கே வாழப்போகிற தாயே சொன்னார் என்பது. லைன் வீட்டுச் சேலையும் பகலில் ஒதுங்குகிறது, இரவில் விரிகிறது. அதே அறிவுதான். அந்தத் தாய்க்குக் கேட்டதைச் செய்து கொடுக்க ஒரு தச்சர் கிடைத்தார். எங்கள் தெருப் பெண்களிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். வரைபடம் போடுகிறவர் முதல் கோட்டை அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே இழுப்பார். வேலையை வைத்துப் பிரிப்பது அவர் பழக்கம்: சமைக்க ஓர் இடம், படுக்க ஓர் இடம். பெண்களிடம் விட்டால் முதல் தடுப்பு உடை மாற்றும் மூலைக்குப் போகும், இரண்டாவது தூங்குகிறவருக்கு, அடுப்படி மூன்றாவதாகத்தான் வரும். அதுவே சரியான வரிசை என்று நானும் நம்புகிறேன். அடுப்பை மற்றவர் பார்ப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. பதினான்கு வயதுப் பெண் பள்ளிவிட்டு வந்து அப்பாவும் அண்ணனும் வெளியே போகட்டும் என்று பையோடு வாசலில் காத்திருக்கும்போது, தினமும், அவளிடமிருந்து ஏதோ ஒன்று எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அரசு வீடுகளில் இதற்கு இடமிருக்கிறது. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத்தில் அடுப்படியோடு சேர்த்து 360 சதுர அடி, மதிப்பு மூன்றரை லட்சம் ரூபாய். குடிசையிலிருந்து வருகிறவர்களுக்கு அது பெரிய வீடு. பயனாளிகளே கட்டிக்கொள்ளும் வீடு என்பதால் உள்சுவர் எங்கே நிற்பது என்பதில் அவர்கள் பேச்சு எடுபடும். அந்தப் பேச்சை வீட்டின் ஆண் மட்டும் மேஸ்திரியோடு நின்று முடித்துவிடாமல், அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் அன்றைக்கே மனைவியும் மகளும் மனையில் நின்று இது இங்கே என்று காட்டவேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆணி அடித்தால் பூச்சு உதிரும் என்று வீட்டுக்காரர் சத்தம் போடுவார், காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார். அதனால் லைன் வீடு கட்டப்போகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். செங்கல் வேண்டாம், சாம்பல் கல்லே போதும். பின்சுவரிலிருந்து மூன்றடி நீளத்துக்கு ஒரு குறுக்குச் சுவர் கூரைவரை எழுப்புங்கள், அதன் பின்னால் ஓர் ஆள் நிற்க, ஒரு பாய் விரிய இடம் வரும். அந்த மூலைக்கு ஒரு சின்ன சன்னல், கண்ணாடிக்குப் பதில் மரக் கதவோடு, பகலில் மூடினால் இருட்டாகும்படி. மின்விசிறிக்கு அங்கேயும் ஒரு கொக்கி. பூச்சு வேலை நடக்கும்போதே இரண்டு பக்கச் சுவரிலும் ஏழடி உயரத்தில் இரும்பு வளையம் ஒன்று பதித்து, நடுவில் முக்கால் இஞ்ச் பைப் ஒன்று மாட்டிவிடுங்கள். பத்து வீட்டுக்கும் சேர்த்து அரை நாள் கொத்து வேலை. குடிவருகிற பெண் தன் சேலையைத் தானே கொண்டுவருவாள்.